ஆடிக் கற்கும் அமைதி



சென்ற ஆண்டு ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நான் ஒரு தவறு செய்தேன். அத்தவற்றைத் திருத்திக்கொள்ளும் பொருட்டு நான் படித்தவற்றையும், பிள்ளைகளோடு ஆடிப் பார்த்துத் தெரிந்துகொண்டவற்றையும் இக்கட்டுரையில் எழுதுகிறேன். நான் கல்வி நூல் பயின்றவள் அல்லேன். வேதியியல் முதுகலை மாணவி. ஆகவே, சோதனைக் குழாயைப் பார்க்கும் கண்கொண்டே இப்பொருளையும் பார்த்திருக்கிறேன். குறை காண்போர் பொறுத்தருள்க.

நடந்தது

பல்கலைக்கழகத்தின் பின்வாயிலுக்கு அப்பால் உள்ள சமுதாயக் கூடத்தில் நம் சங்கத்தார் சிலர் ஞாயிறுதோறும் காலை 9 மணி முதல் 11 மணி வரை வகுப்பு நடத்தி வருவதை நீங்கள் அறிவீர்கள். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் ஏறத்தாழ இருபது பேர் வருகிறார்கள். பாதிப் பேர் சேலம், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கங்களிலிருந்து தில்லிக்குப் பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகள்; மறுபாதி பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள். முன்னவர்க்குத் தமிழும், எல்லார்க்கும் கணக்கும் சொல்லித் தருகிறோம். இறுதி அரை மணி நேரம் விளையாட்டு.

அவர்களுள் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன். ஆட்டத்தின் நடுவே வட்டத்தை விட்டு ஓடுவான். குறுக்கே நிற்பவரைத் தள்ளுவான். ஆட்டத்திலிருந்து விலக்கினால் அடிப்பான். அந்த ஞாயிறன்று அவன் தள்ளியதில் ஒரு பெண் குழந்தையின் முழங்கை சிராய்ந்துவிட்டது. எனக்குச் சினம் மூண்டது. பள்ளிகளிலே தியானம் கற்பிக்கிறார்கள் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. அவனைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார வைத்து, “கண்ணை மூடு, மூச்சைக் கவனி, நான் சொல்லும் வரை திறக்காதே” என்றேன். அவனோ கண்ணைத் திறந்து திறந்து வாசலைத் திரும்பிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அதட்டினேன்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வகுப்பு அமைதியாக நடந்தது. உண்மையைச் சொல்வதானால், எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது. மூன்றாம் ஞாயிறன்று மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என்னிடம் வந்து, “அக்கா, இன்னிக்கு யாரைக் கண்ணை மூட வைப்பீங்க?” என்று கேட்டாள். அவள் குறும்பாகக் கேட்கவில்லை, அஞ்சிக் கேட்டாள். அப்பொழுதுதான் நான் செய்தது என்ன என்பது எனக்கு விளங்கிற்று. அமைதியை நான் கற்பிக்கவில்லை, அதைப் பிரம்பாக்கிவிட்டேன். அன்று மாலையே நூலகத்திற்குச் சென்றேன்.

சொற்களின் பொருள்

முதலில் மூன்று சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

நலவுணர்வு என்பது எப்பொழுதும் சிரித்துக்கொண்டிருப்பது அன்று. அச்சம், சினம், துயரம் ஆகியவை வரும்போது, அவை வந்திருக்கின்றன என்று அறிந்து, அவற்றிலிருந்து மீளத் தெரிவது. தனக்கு இடமுண்டு, தன்னை வேண்டுபவர் உண்டு என்று பிள்ளை உணர்வது.

கூடி வாழும் திறன் என்பது முறை வரும் வரை காத்திருத்தல், பிறர் சொல்வதைக் கேட்டல், விட்டுக்கொடுத்தல், தோற்றாலும் ஆட்டத்தில் நிலைத்திருத்தல், சண்டைக்குப் பின் பேசத் தொடங்குதல் முதலியன.

மூன்றாவது, மைண்ட்ஃபுல்னெஸ் என்று மேலைநாட்டார் கூறுவது. இதனை நான் விழிப்புக் கவனம் என்று சொல்லப் போகிறேன். இந்த நொடியில் காதில் என்ன விழுகிறது, மூச்சு எப்படிப் போகிறது, மனத்தில் என்ன எழுகிறது என்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புக் கூறாமல் கவனித்தல். இதன் வேர் பௌத்தத் தியான மரபில் உள்ளது. அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் நோயாளிகளுக்கான பயிற்சியாக இதனை அமைத்தார். பிற்பாடு அது பள்ளிகளுக்கும் பரவிற்று.

ஆட்டத்தில் என்ன இருக்கிறது?

“நல்லவனாக இரு” என்று ஒரு குழந்தையிடம் நூறு முறை சொல்லலாம். ஆயினும், சொல்வது ஒன்று, கைவருவது வேறு. நீந்துவதைப் பற்றிச் சொற்பொழிவு கேட்டவன் நீந்திவிட முடியுமா? காத்திருக்கவும், அடங்கவும், தோற்கவும் குழந்தைக்குப் பழகும் இடம் வேண்டும். அவ்விடம் விளையாட்டே.

ருசிய நாட்டு உளநூலார் லெவ் வைகோட்ஸ்கி 1930-களில் இதனைக் குறித்து ஆழ்ந்து சிந்தித்தவர். விளையாடும் குழந்தை, தான் விரும்பியே விதிக்குக் கட்டுப்படுகிறது என்பது அவர் கண்ட உண்மை. பெரியவர் இட்ட கட்டளையை மீறத் துடிக்கும் அதே குழந்தை, ஆட்டத்தின் விதியை மீறினால் ஆட்டமே போய்விடும் என்பதை உணர்ந்து தன்னை அடக்கிக்கொள்கிறது. அந்நாட்டில் மனுய்லென்கோ என்பவர் 1948-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவர்களை அசையாமல் நிற்கச் சொல்லிப் பார்த்தார். வெறுமனே “நில்” என்றபோது விரைவில் அசைந்துவிட்டனர். விளையாட்டில் காவல்காரனாக நிற்கச் சொன்னபோது நெடுநேரம் நின்றனர்.

இதற்கு ஒப்பான ஆய்வொன்றை அமெரிக்காவில் ரேச்சல் வைட்டும் அவர்தம் தோழர்களும் 2017-இல் வெளியிட்டனர். 4 வயதும் 6 வயதும் உடைய 180 பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும் வேலை ஒன்று 10 நிமிடம் தரப்பட்டது. பக்கத்திலேயே ஐபேட் விளையாட்டு. வேண்டும்போது போய் ஆடலாம். தம்மைப் பேட்மேன் போன்ற வீரராகப் பாவித்துக்கொண்ட பிள்ளைகளே வேலையில் அதிக நேரம் நிலைத்தனர். வேடம் பூண்ட குழந்தை தன்னைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறது. ஆசையின் இழுப்பு அந்த இடைவெளியால் குறைகிறது என்பது அவர்கள் கருத்து.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பொறுமை என்பது பிள்ளையின் குணம் மட்டுமே என்று எண்ணிவிடலாகாது. ஒரு மிட்டாயை முன்னே வைத்து, “நான் திரும்பி வரும் வரை உண்ணாதிருந்தால் இரண்டு தருவேன்” என்று சொல்லும் சோதனையைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் 1960-களின் இறுதியில் தொடங்கியது அது. செலஸ்ட் கிட் என்பவரும் தோழர்களும் 2013-இல் அச்சோதனைக்கு முன்னால் இன்னொன்றைச் சேர்த்தனர். நல்ல வண்ணப் பொருள்கள் கொண்டு வருவதாகப் பிள்ளைகளுக்கு வாக்களித்தனர். ஒரு சாராரிடம் வாக்கைக் காத்தனர். மறு சாராரிடம் தவறினர். பின்னர் மிட்டாய்ச் சோதனை. வாக்குக் காக்கப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தனர். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடமே காத்திருந்தனர். 28 பிள்ளைகளைக் கொண்ட சிறிய ஆய்வுதான். எனினும் அது நம்மைச் சுடுகிறது. பொறுமையற்ற பிள்ளையைக் கண்டால், இதனிடம் யார் வாக்குத் தவறினார் என்றும் கேட்க வேண்டும். ஆட்டத்தின் விதியைப் பெரியவர் ஆளுக்கு ஆள் மாற்றினால், அவ்வாட்டம் கற்பிப்பது நேர்மாறான பாடத்தையே.

இவ்விடத்தில் என் கதையையும் ஒரு சொல் கூறிவிடுகிறேன். என் தந்தையார்க்குப் பணிமாற்றம் வந்து திண்டுக்கல்லிலிருந்து நாங்கள் தில்லி வந்தபோது எனக்கு வயது எட்டு. இந்தியில் ஓர் எழுத்துத் தெரியாது. மூன்றாம் வகுப்பில் முதல் நான்கு மாதம் ஊமையாகவே அமர்ந்திருந்தேன். ஒரு நாள் இடைவேளையில் மூன்று சிறுமியர் தரையில் கல் வைத்து ஆடிக்கொண்டிருந்தனர். அது நம் ஐந்தாங்கல்! இங்கே அதற்குக் கிட்டே என்று பெயர். நான் குந்தி அமர்ந்து கையை நீட்டினேன். ஒருத்தி கற்களை என் கையில் போட்டாள். எங்கள் ஆத்தாளிடம் கற்ற கை அது, தவறவில்லை. பள்ளியில் எனக்கு முதல் தோழி கிடைத்தது அன்றுதான். நம் பாண்டியும் இவ்வூரில் ஸ்டாபூ என்ற பெயரோடு நடமாடுகிறது. மொழி தெரியாத பிள்ளைக்கு ஆட்டமே முதல் மொழி என்பதை நான் ஏட்டில் படித்து அறியவில்லை.

அடையாற்றுக்கு வந்த அம்மையார்

அமைதியையும் ஆட்டமாக்கலாமா? ஆக்கலாம் என்று நூறாண்டுக்கு முன்னரே காட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். இத்தாலிய மருத்துவர்; 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் ரோம் நகரின் ஏழை மக்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தவர். நமக்கும் அவர்க்கும் நேர்த்தொடர்பு உண்டு. 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்து பணிபுரிந்தார்.

அவருடைய மௌன விளையாட்டு பிறந்த கதையை அவரே எழுதியிருக்கிறார். ஒரு நாள் நான்கு மாதக் கைக்குழந்தையைத் தாயிடமிருந்து வாங்கிக்கொண்டு வகுப்பறைக்குள் வந்தார். குழந்தை அசையாமல் அமைதியாக இருந்தது. “இவளைப் போல உங்களால் அமைதியாக இருக்க முடியாது, இவள் மூச்சு எவ்வளவு மெல்லியது பாருங்கள்” என்னும் பொருள்பட வேடிக்கையாகச் சொன்னார். பிள்ளைகள் சிரிக்கவில்லை, கால்களை ஒடுக்கி, மூச்சையும் மெல்லவிட்டு, அக்குழந்தையைப் போலவே இருக்க முயன்றனர். கடிகார ஓசை கேட்கத் தொடங்கிற்றாம்.

அதிலிருந்து அவர் அமைத்த ஆட்டம் இது. பிள்ளைகள் அசையாமல் அமர்வர். ஆசிரியை பக்கத்து அறைக்குச் சென்று, அங்கிருந்து ஒவ்வொரு பெயராக மிக மெல்லிய குரலில் அழைப்பார். தன் பெயரைக் கேட்ட பிள்ளை ஓசையின்றி எழுந்து, நாற்காலி இடறாமல் நடந்து அவரிடம் வரும். கடைசியாக அழைக்கப்படும் பிள்ளையே மிகுதியாகக் காத்திருக்கிறது. முதலில் பரிசாக இனிப்புத் தர முனைந்தபோது, பிள்ளைகள் அதை வேண்டாமென்றனர் என்றும் எழுதுகிறார். தன் பெயரை ஒருவர் மென்மையாக அழைக்கக் கேட்பதே போதிய பரிசாக இருந்தது போலும்!

என் தவற்றோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். நான் அமைதியைக் கட்டளையாகத் தந்தேன்; அவர் அழைப்பாகத் தந்தார். நான் ஒருவனைப் பிரித்து உட்கார வைத்தேன். அவர் எல்லாரையும் சேர்த்து உட்கார வைத்தார்.

மூச்சும் நெஞ்சும்

மூச்சைக் கவனிப்பதால் என்ன நேர்கிறது என்று அறிவியல் மாணவர் கேட்பது இயல்பு. உங்கள் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பாருங்கள். மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்புச் சற்று விரையும். வெளிவிடும்போது சற்றுத் தளரும். இளம் வயதினரிடம் இவ்வேறுபாடு நன்கு தெரியும். மூளையின் அடியிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் என்னும் நரம்பே இதயத்தின் கடிவாளம்; வெளிமூச்சின்போது அது கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது. ஆகவே வெளிமூச்சை நீட்டினால் படபடப்புத் தணிகிறது.

ஆனால் ஏழு வயதுக் குழந்தையிடம், “வெளிமூச்சை நீட்டு” என்றால் அது விழிக்கும். ஒரு காகிதப் பந்தை மேசைமேல் வைத்து, “விழாமல் மறுமுனைக்கு ஊது” என்றால் தானே நீட்டும்.

இன்னொன்றும் அறிய வேண்டும். தன்னை அடக்கவும் திட்டமிடவும் உதவும் மூளைப்பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அஃது இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே வருவது. அக்கணக்கின்படி இருபத்துமூன்று வயதான என்னுடையதே இன்னும் முழுமையாக விளைந்ததன்று! சினத்தில் ஒரு சிறுவனைச் சுவர்ப்பக்கம் திருப்பிய எனக்கு, எட்டு வயதுப் பிள்ளை ஏன் அடங்கவில்லை என்று கேட்க என்ன உரிமை?

வெற்றுச் சோதனை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எந்த அளவீடு செய்தாலும் வெற்றுச் சோதனை ஒன்றும் உடன் செய்வோம். ஆராயும் பொருளை மட்டும் சேர்க்காமல் மற்றவற்றையெல்லாம் அப்படியே செய்து பார்ப்பது அது. அதனைக் கழித்தாலன்றி உண்மை தெரியாது. கல்வியிலும் அவ்வாறே ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் உண்டு.

ஜோசப் டர்லாக் முதலியோர் 2011-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, உணர்வையும் கூடி வாழும் திறனையும் கற்பிக்கும் 213 பள்ளித் திட்டங்களை, 2,70,034 மாணவர்களைக் கொண்டு எடைபோட்டது. பயிற்சி பெற்றவர் நடத்தையில் மட்டுமன்றிப் படிப்பிலும் முன்னேறினர். 100 பேரைத் தேர்ச்சி வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்கும் மாணவர் 11 இடம் முன்னேறும் அளவுக்கு அம்முன்னேற்றம் இருந்தது. பாடம் படிப்படியாக அமைந்து, பிள்ளைகள் தாமே செய்து பழகிய திட்டங்களே சிறந்த பயன் தந்தன என்றும் கண்டனர்.

மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்தில் 84 பள்ளிகளைச் சேர்ந்த, 11 முதல் 13 வயதுடைய 8,376 மாணவர்களைக் கொண்டு மிரியட் என்னும் பேராய்வு நடந்தது. விழிப்புக் கவனப் பாடம் பெற்ற பள்ளிகளையும், வழக்கமான பாடம் நடந்த பள்ளிகளையும் ஒப்பிட்டனர். முடிவு 2022-இல் வெளிவந்தது. மாணவரின் மனநலத்தில், வழக்கமான பாடத்தைவிட மேலான பயன் ஏதும் காணப்படவில்லை! பெரும்பாலான மாணவர் வீட்டில் அப்பயிற்சியைச் செய்யவே இல்லை என்பதும் தெரியவந்தது. இவர்கள் தொடக்கப்பள்ளி வயதைக் கடந்தவர்கள் என்பதை மறக்கலாகாது. ஆயினும், கண்ணை மூடி உட்கார வைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்னும் நம்பிக்கைக்கு இது நல்ல மருந்து.

நாம் வாழும் தில்லியிலும் ஒரு பெருமுயற்சி நடந்தது. அரசுப் பள்ளிகளில் மழலை வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குமான மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தை 2018-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் தலாய் லாமா தொடங்கி வைத்தார். சில நிமிட விழிப்புக் கவனம், கதை, செயல் ஆகியவற்றால் அமைந்த அப்பாடத்திற்குத் தேர்வு வைக்கப்படவில்லை. மதிப்பெண்ணே மூச்சாக உள்ள நாட்டில், மதிப்பெண் இல்லாத பாட வேளை ஒன்றை ஒதுக்கியதே துணிந்த செயல் எனலாம்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து நான் கொண்ட முடிவு இது: தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு அமைதியைத் தனிப்பாடமாகப் போதிப்பதைவிட, ஆட்டத்தின் உள்ளே வைத்துத் தருவதே தகும், அதுவும் பிள்ளையை அறிந்த பிறகே தர வேண்டும்.

செய்து பார்க்க நான்கு ஆட்டங்கள்

எங்கள் கூடத்தில் பழகிய ஆட்டங்கள் இவை. செலவு பெரும்பாலும் இல்லை.

1. காகிதப் பந்து. இருவர் மேசையின் இருபுறமும் அமர வேண்டும். ஒருவர் ஊதிய பந்தை மற்றவர் விழாமல் ஊதித் திருப்ப வேண்டும். எதிரியை வெல்லுவது நோக்கமன்று. இருவரும் சேர்ந்து எத்தனை முறை திருப்பினர் என்பதே கணக்கு. வேகமாக ஊதினால் பந்து விழும். ஆகவே தாமாகவே மெல்ல ஊதப் பழகுவர். தலை சுற்றுவதாகச் சொன்னால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

2. தலைகீழ் ஆட்டம். “தலை” என்றால் காலைத் தொட வேண்டும்; “கால்” என்றால் தலையைத் தொட வேண்டும். சிரிப்பு வெடிக்கும். கை தானாகப் போகும் திசையில் போகவிடாமல் ஒரு நொடி நிறுத்தி எண்ணுவதே இதன் பயிற்சி. இளஞ்சிறார் தம்மை அடக்கும் திறனை அளக்க, ஆய்வாளர்கள் இதுபோன்ற ஆட்டத்தையே கருவியாகக் கொள்கிறார்கள். நாங்கள் ஒரு முறை தமிழிலும் ஒரு முறை இந்தியிலும் சொல்வோம்; இரு சாராரும் மற்றவர் சொல்லைக் கற்றுக்கொண்டனர்.

3. யாரும் வெளியேறாத இசை நாற்காலி. வழக்கமான ஆட்டத்தில் மந்தமான பிள்ளையே முதலில் வெளியேறுகிறது. விளையாட்டு மிகத் தேவைப்படும் பிள்ளைக்கே விளையாட்டு இல்லாமல் போகிறது. நாங்கள் நாற்காலிக்கு மாறாகச் செய்தித்தாள்களை விரிக்கிறோம். பாட்டு நிற்கும்போதெல்லாம் ஒரு தாளை எடுத்துவிடுவோம். ஆளை எடுக்க மாட்டோம். மிஞ்சிய தாள்களின் மேல் எல்லாரும் நிற்க வேண்டும். இறுதியில் நான்கு தாளில் இருபது பேர்! ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றால்தான் முடியும்.

4. பல்லாங்குழி. பக்கத்திற்கு ஏழாக 14 குழிகள். பலகை இல்லையென்றால் தரையில் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டாலே போதும். மொழி வேறான இருவரை எதிரெதிரே அமர்த்துவோம். எதிராளி காய் போடும்போது நீ எண்ண வேண்டும். ஏமாற்ற வழியில்லை, அவசரப்படவும் வழியில்லை. குழியில் நான்கு சேர்ந்தால் அது “பசு” என்று எங்கள் ஊரில் எடுத்துக்கொள்வோம். பீகார்ப் பிள்ளைகள் எல்லாரும் இப்பொழுது “பசு, பசு” என்று கூவுகிறார்கள்.

ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் இரண்டு நிமிடம் வட்டமாக அமர்ந்து, “எப்பொழுது கோபம் வந்தது? அப்பொழுது என்ன செய்தாய்?” என்று கேட்போம். விரும்பாதவர் பேச வேண்டியதில்லை. மௌனத்தின்போது கண்ணை மூடுவதும் கட்டாயமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். கண்ணை மூடுவது எல்லாப் பிள்ளைக்கும் அமைதி தருவதில்லை. இதனை எனக்குக் கற்பித்தவன் அந்தச் சிறுவனே.

மீண்டும் அந்தச் சிறுவன்

நூலகத்தில் மாண்டிசோரி அம்மையாரின் நூலைப் படித்த வாரத்திலேயே அவன் வீட்டைத் தேடிப் போனேன். ஒற்றை அறை. தாயார் நான்கு வீடுகளில் வேலை செய்துவிட்டு அப்பொழுதுதான் வந்திருந்தார்.

“வாம்மா, உக்காரு. அவன் அங்க வரமாட்டேங்கிறான்” என்றார்.

“ஏன் அக்கா? என்மேல் கோபமா?”

“கோபமெல்லாம் இல்ல. அங்க கண்ணை மூடச் சொல்றாங்க, மூடினா பாப்பாவை யாரு பாக்கறதுன்னு கேக்கறான். ஞாயித்துக்கிழமையும் எனக்கு வேலை இருக்கு. சின்னவளை அவன்கிட்டதான் விட்டுட்டுப் போவேன். ஒரு தடவை அவன் அசந்த நேரத்துல ரோட்டு வரைக்கும் போயிட்டா. அதுலேர்ந்து கண்ணை எடுக்க மாட்டான்.”

அப்பொழுதுதான் நினைவு வந்தது. வகுப்பு நடக்கும்போது வாசற்படியில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று அமர்ந்திருக்கும். யாருடைய குழந்தையோ என்று இருந்துவிட்டேன். அவன் வட்டத்தை விட்டு ஓடியது வாசலைப் பார்க்க. குறுக்கே நின்றவரைத் தள்ளியது தங்கையை மறைத்ததற்காக. நான் அடக்கமில்லாதவன் என்று எண்ணியவன், இருபது பேரிலும் மிகுதியான கவனம் உடையவனாய் இருந்திருக்கிறான்! சுவர்ப்பக்கம் திருப்பிக் கண்ணை மூடச் சொன்ன அந்தப் பத்து நிமிடத்தில் அந்த எட்டு வயது நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும்?

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தங்கையையும் உள்ளே உட்கார வைப்பதாக வாக்களித்தேன். அடுத்த ஞாயிறன்று இருவரும் வந்தனர். அன்று மௌன விளையாட்டு. குழந்தையை வட்டத்தின் நடுவே பாயில் அமர்த்தி, கையில் ஒரு சிறு மணியைக் கொடுத்து, “இது ஒலிக்காமல் பார்த்துக்கொள்” என்றோம். அவள் இரு கைகளாலும் மணியைப் பொத்திக்கொண்டு மூச்சையும் அடக்கிக்கொண்டு இருந்தாள். அவளைப் பார்த்த பிள்ளைகளும் அப்படியே ஆயினர். சான் லொரென்சோவில் நிகழ்ந்தது எங்கள் கூடத்திலும் நிகழ்ந்தது. நான் மறைவில் நின்று பெயர்களை அழைத்தேன். அவன் பெயரைக் கடைசியாகவே அழைத்தேன். அவன் எழுந்து, தங்கையின் கையைப் பிடித்து எழுப்பி, மணி ஒலிக்காமல் அவளையும் நடத்திக்கொண்டு வந்தான்.

அதன்பின் அவன் யாரையும் தள்ளுவதே இல்லை என்று எழுதினால் பொய்யாகும். இரண்டு முறை தள்ளியிருக்கிறான். ஆனால், தள்ளிய பின் தானே வந்து சொல்கிறான். ஒரு வகுப்பை வைத்து ஆராய்ச்சி முடிவு கூற முடியாது; வெற்றுச் சோதனை எதுவும் நான் செய்யவில்லை. பயன் என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அவன் இப்பொழுது ஞாயிறுதோறும் வருகிறான்.

நண்பர்களே! இவ்வகுப்புக்கு இப்பொழுது ஐவரே வருகிறோம். இருபது பிள்ளைகளை ஐவர் ஆட்டுவிக்கலாம். ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் வாசற்படியிலும் யார் அமர்ந்திருக்கிறார் என்று அறிய ஐவர் போதா. உங்களுக்குப் பாடம் நடத்தத் தெரிய வேண்டியதில்லை. ஐந்தாங்கல் ஆடத் தெரிந்தால் போதும். தெரியாவிட்டாலும் பிள்ளைகள் கற்றுத் தருவார்கள். வரும் ஞாயிறு காலை 9 மணிக்குப் பின்வாயிலில் காத்திருப்பேன்.